கசப்பு இல்லாத கடல்

என் வேலை இரும்பைத் துருப்பிடிக்க வைப்பது. யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். அவர்கள் விழிப்பதைப் பார்க்க எனக்கு ஒரு அல்ப ஆசை. வாகனங்களுக்கான போல்ட், கிளிப் போன்றவற்றுக்கு முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. அதன் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். பூசிய முலாம் எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காக அவற்றை ஒரு மூடிய பெட்டிக்குள் தொங்கவிட்டு, உப்புத் தண்ணீரைப் புகைபோல நாள்கணக்கில் அடித்துக்கொண்டே இருப்போம். முதலில் வெள்ளையாகப் பூக்கும். பிறகு சிவப்பாகத் துரு எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவது நான்.

அந்தத் தண்ணீரைக் கலக்குவதும் நான்தான். தொண்ணூற்றைந்து பங்கு சுத்தமான தண்ணீர், ஐந்து பங்கு சுத்தமான உப்பு. தண்ணீர் நிற்கும் நீல டிரம்மின் மேல், வேலைக்குச் சேர்ந்த ஜோரில், 'கடல் தண்ணீர்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். இருபது வருடத்தில் அதை யாரும் தப்பென்று சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் நான் தர்மபுரிப் பக்கத்துக்காரன். சென்னைக்கு வந்த பிறகுதான் கடலையே பார்த்தேன். பார்த்தபோதும் பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நின்றதோடு சரி. என் மனைவி அப்படியில்லை. தூத்துக்குடி உப்பளங்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா, பெரியப்பா, அத்தை எல்லோரும் அளத்தில் வேலை பார்த்தவர்கள். "மாப்பிள்ளைக்கும் உப்பு வேலைதான்" என்று சொல்லித்தான் எங்கள் கல்யாணத்தையே முடித்தார்களாம். பெண்ணுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

அவளுக்கு ஒரு நாக்கு உண்டு. உண்மையில், பெரிய நாக்கு. மீன் வண்டிக்காரர் ஐஸைத் தள்ளிக் காட்டிய மீனைச் சமைத்து ஒரு வாய் வைத்தால், அது எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். வெள்ளானூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் ஒரு கிண்ணம் சாம்பார் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அவள் ருசி பார்த்து, "புளி இன்னும் கொதிக்கணும், இறக்கிராதீங்க" என்பாள். அதன் பிறகுதான் பந்தி. அதில் அவளுக்கு இருந்த பெருமையை அவள் ஒளித்து வைத்ததும் இல்லை.

தொற்றுக்காலம் ஓய்ந்து, ஊரே முகக்கவசத்தைக் கழற்றிப் போட்ட பிறகு, கடைசி ஆளாக அந்தக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கு வந்தது. எனக்கு மூன்றே நாளில் விட்டது. அவளையும் விட்டது. ஆனால் போகும்போது மணத்தையும் ருசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இனிப்பு முதலில் திரும்பி வந்தது. பிறகு உப்பு, அதற்குப் பின்னால் புளிப்பு. மணம் அரைகுறையாக வந்தது. கசப்பு மட்டும் வரவே இல்லை. காபி அவளுக்குச் சர்க்கரை போட்ட வெந்நீர். பாகற்காய், வெள்ளரிக்காய். "வரும்மா, சிலருக்கு லேட்டாகும். சிலருக்கு வராமலும் போகலாம்" என்றார் ஆவடி டாக்டர். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதன் பிறகு திரும்பி வந்த ருசிகளின் மேலும் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. சாம்பார்க் கிண்ணங்களைத் தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை.

குழம்பு கொதிக்கும்போது, "ஏங்க, உப்பு பாருங்க" என்று குரல் வரும். நான் சமையலறை வாசலில் போய் நின்று கையை நீட்டுவேன். கரண்டியிலிருந்து நாலு சொட்டு என் உள்ளங்கையில் விழும். நக்கிப் பார்த்து, "ஒரு கல்லு போடலாம்" என்பேன். ஒன்றரை வருடம் என் உள்ளங்கைதான் எங்கள் வீட்டின் நாக்காக இருந்தது. எனக்கு அந்தப் பதவி பிடித்தும் இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் மகள் கல்லூரி விடுதிக்குப் போனாள். அவள் கோல்டு ஃபிஷ் வளர்த்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டி கூடத்தில் காலியாகக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி, "தினம் ஒரு டிரம் கடல் தண்ணி கலக்குறேன்னு பீத்திக்கிறீங்களே, எனக்கு ஒரு தொட்டி கடல் செஞ்சு தரக் கூடாதா?" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் காய்ச்சலுக்குப் பிறகு அவள் தனக்கென்று எதையாவது கேட்டது அதுதான் முதல்முறை. ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

வண்ணமீன் வாங்கக் குளத்தூரை விட்டால் வேறு இடம் ஏது? அங்கே ஒரு சின்னக் கடையில், கழுத்தில் துண்டு போட்ட கடைக்காரர், என் வயதுதான் இருக்கும், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்களைக் காட்டினார்.

"இதெல்லாம் தொட்டியிலயே பொறந்தது சார். கடலையே பார்த்ததில்ல. ஒரு பக்கெட் மெரைன் சால்ட் எடுத்துக்கோ. சாதா உப்பு போட்டா வேலைக்கி ஆவாது."

"உப்பெல்லாம் நான் பார்த்துக்கறேன். இருபது வருஷமா கடல் தண்ணி கலக்கறதுதான் நம்ம வேலை" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீ பெரிய ஆளு நைனா" என்று பக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

சாதா உப்பா போடுவேன்? ஆய்வுக்கூடத்துக்கு உப்பு வரும் அதே கடையில், அதே சுத்தத்தில், என் செலவில் வாங்கினேன். துளி அழுக்கில்லாத உப்பு. வீட்டு ஃபில்டர் தண்ணீர். நூற்றுக்கு மூன்றரைப் பங்கு என்று அளந்து கலக்கி, மணல், கல், பம்பு எல்லாம் போட்டு மூன்று வாரம் ஓடவிட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. சாண் நீளக் குழாய்தான். அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கோடு காட்டும். அதை இரண்டு நாள் இரவல் வாங்கி வந்தேன். கடலின் அடர்த்தி எதுவோ அதே கோட்டில் அச்சடித்தாற்போல் நின்றது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

"வா, உன் கடல் வந்தாச்சு" என்று கூப்பிட்டேன்.

அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். ஊரில் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பழக்கமாம். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மறுபடி நனைத்து வைத்தாள்.

"வெறும் உப்பாத்தான் இருக்கு. கடல்னா கடைசியில ஒரு கசப்பு வரும். அடிநாக்குல நிக்கும்."

நான் கருவியை அவள் கையில் கொடுத்துக் கோட்டைக் காட்டினேன். கடல்தான், சந்தேகமே இல்லை என்றேன். அவள் குழாய் வழியாகப் பார்த்துவிட்டு, "அப்ப என் நாக்குதான்" என்று சொல்லி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கருவியோடு கூடத்தில் நின்றேன். அவளுக்குப் பரிசு கொடுக்கப் போய்ப் பரீட்சை வைத்ததுபோல் ஆகிவிட்டது. அன்றைக்கு ரசத்துக்கு உப்புப் பார்க்க என்னை இரண்டு தடவை கூப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கோமாளி மீன் ஜோடி ஒன்றை வாங்கி வந்தேன். பையில் வந்த மீனை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பைக்குள் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்க வேண்டும். அவள் பையின் வாயைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு டம்ளர் ஊற்றினேன். கால்மணி கழித்து இன்னொன்று. மூன்றாவது டம்ளரில் மீன்கள் வாயை வேக வேகமாகத் திறந்து மூட ஆரம்பித்தன. ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்து, சிரமப்பட்டு நிமிர்ந்தது.

"நிறுத்துங்க" என்றாள். பையை மாற்றிப் பிடித்ததில் விரலெல்லாம் ஈரம். நினைக்காமலேயே விரல் நாக்குக்குப் போயிருக்கிறது. அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இது கசக்குது."

"எது?"

"பைத் தண்ணி. லேசா. ஆனா கசக்குது." தொட்டிக்குள் விரலை விட்டு மறுபடி நாக்கில் வைத்தாள். "இது கசக்கல. ரெண்டும் ஒண்ணு இல்ல."

ஆய்வுக்கூடத்துக்காரன் புத்தி எங்கே போகும்? கருவியைத் திரும்ப இரவல் வாங்கி வந்திருந்தேன். இரண்டு தண்ணீரிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே கோடு. "ரெண்டும் ஒண்ணுதான். உனக்கு அப்படித் தோணுது" என்றேன். அவளுடைய நாக்கைப் பற்றி அவள் சொல்கிறாள், நான் ஒரு குழாயைப் பார்த்துவிட்டு இல்லை என்கிறேன். அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

நான்காவது டம்ளரோடு நான் குனிந்தபோது, பையை மார்போடு சேர்த்து இழுத்துக்கொண்டாள். "முதல்ல கடைக்காரருக்குப் போன் போடுங்க. அப்புறம் ஊத்துங்க."

ஸ்பீக்கரில் போட்டேன். மீன் மூச்சு வாங்குவதைச் சொன்னேன்.

"இன்னா உப்பு சார் போட்ட?"

"சாதா உப்பு இல்லப்பா. லேப் உப்பு. இதுக்கு மேல சுத்தமா கிடைக்காது."

"சுத்தம்னா? அதுல உப்பு மட்டும்தானே கீது?"

"ஆமா, வேற என்ன இருக்கணும்?"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "கடல்ல உப்பு மட்டுமா சார் கீது? மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், அது இதுன்னு எல்லாம் கலந்துகினு கீது. கசக்குறதே அந்த மக்னீசியத்தாலதான். அது இல்லாம வெறும் உப்புல உட்டா ஒரு நாள் கூடத் தாங்காது. உள்ள உட்டியா?"

"இல்ல."

"உடாத! பையோட எடுத்துகினு வா."

போனை வைத்தேன். டம்ளரையும் கீழே வைத்தேன். அவள் பையைக் கட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: "அளத்துல உப்பு விளைஞ்சதும், மிச்சம் நிக்கிற கசப்புத் தண்ணிய வெட்டி வெளிய விட்டுருவாங்க. அதுக்கப்புறம்தான் உப்பை வாருவாங்க. கசப்பெல்லாம் அந்தத் தண்ணியோட போயிரும். இது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் என் நாக்கைத்தான் சந்தேகப்பட்டேன், பாருங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. கூடவே சிரிப்பும். நானும் இரண்டு தண்ணீரையும் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். பைத் தண்ணீர், கடைசியில், அடிநாக்கில் கசந்தது. அத்தனை நாளும் கருவியைக் கேட்டேனே தவிர என் நாக்கைக் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் குழாய் மொத்தம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். என்னென்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்து, மீன் பையை மடியில் வைத்துக்கொண்டாள். குளத்தூர் வரை ஒரு பள்ளத்தில்கூட என்னை வேகமாகப் போகவிடவில்லை. கடைக்காரர் மீன்களைத் தன் தொட்டியில் சேர்த்துக்கொண்டார். அரைமணியில் இரண்டும் தேறிவிட்டன. பக்கெட் உப்பு இப்போதாவது வேண்டுமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "வேண்டாம், நாங்க கடலுக்கே போயிக்கிறோம்" என்று சொல்லிவிட்டாள். திரும்பும்போது அம்பத்தூரில் பாகற்காய் வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வில்லையைப் பச்சையாக வாயில் போட்டு மென்றாள். "அரைக் கசப்புதான் வருது. வந்துரும்" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், தெரிந்தவர் ஒருவரின் குட்டி யானை சரக்கு வண்டியில் ஏழு தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனோம். வழியெல்லாம் டிரைவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கேன் தண்ணி வாங்கி பார்த்துகீறேன். கடல் தண்ணிய வண்டி வச்சு எடுத்துகினு போறத இப்பத்தான் சார் பாக்கறேன்" என்றார். துறைமுகத்துக்குள் இருக்கும் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும், உதவாது. முன்தினமே குளத்தூர்க் கடைக்காரர் சொல்லி வைத்திருந்த ஃபைபர் படகுக்காரர் காலிக் கேன்களை ஏற்றிக்கொண்டு போய், தண்ணீர் நீலமாகும் இடத்தில் மொண்டு வந்தார்.

முதல் கேன் இறங்கியதும் அவள் மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றினாள். வாயில் வைத்தாள். முகம் அஷ்டகோணலானது.

"யப்பா, என்ன கசப்பு!" என்றாள். காது குத்தியபோது எங்கள் மகள் சிரித்தாளே, வலியும் சிரிப்புமாக, அந்த முகம். எனக்கும் ஊற்றினாள். இருபது வருடம் கடல் தண்ணீர் கலக்கியவன் அன்றைக்குத்தான் கடலைக் குடித்தேன்.

மீன் கூடையோடு கடந்துபோன அம்மா ஒருவர் நின்று, "இன்னாக்கா, இவ்ளோ மீன் கீது, தண்ணிய வாங்கிகினு போறியே?" என்று கேட்டார். "குழம்புக்குத்தான்" என்றாள் என் மனைவி. கடல் தண்ணீரோடு அவளுடைய வாயும் திரும்பி வந்துவிட்டது.

பழைய உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊற்றியதும் தொட்டி நிறைந்தது. சில வாரம் ஓடிய பிறகு கோமாளி ஜோடியும் வந்து சேர்ந்தது. தொட்டி இப்போது அவள் பொறுப்பு. வெயில் நாளில் தண்ணீர் ஒரு விரல்கடை இறங்கும். முதல் தடவை நான் உப்புத் தண்ணீரோடு ஓடி வந்தேன். "தண்ணி மட்டும்தானே ஆவியாகும்? உப்பு அங்கயேதான நிக்குது? நல்ல தண்ணி ஊத்துங்க" என்று தடுத்தாள். உப்பளத்துப் பெண்ணுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் டிரம்மில் இருந்தது ஒரே உப்பு. கடலில் இருப்பது ஒரு கூட்டம். எந்தக் கடலில் மொண்டாலும் தண்ணீர் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் கரைந்திருக்கும் உப்புகள் ஒன்றுக்கொன்று என்ன பங்கோ, அது அநேகமாக மாறாதாம். இதையெல்லாம் இப்போதுதான் படிக்கிறேன்.

ஒரு மாதம் போனதும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அழுக்கென்று சுரண்டப் போனேன். அவள் கையைத் தட்டிவிட்டாள். துருவைப் பார்க்க நான் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வாங்கி, உற்றுப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுருண்ட குழல். உள்ளே ஒரு புழு, பூப்போலத் தலையை விரித்துக்கொண்டிருந்தது. மணல்மேல் கடுகை விடச் சின்னதாக ஏதேதோ குதித்து ஓடின. பம்பின் மேல் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு சின்ன எரிமலை முளைத்திருந்தது. "கொட்டலசு! படகடியில அப்பிக்கிட்டு இருக்குமே, சுரண்டிச் சுரண்டிக் கை போயிரும்" என்று கத்தினாள். அதன் உச்சியில் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு மயிர்க்கை வந்து தண்ணீரைத் துழாவி, எதையோ பிடித்துக்கொண்டு உள்ளே போனது. நாங்கள் ஏழு கேன் தண்ணீர் கொண்டு வந்ததாக நினைத்திருந்தோம். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஊரே அதில் ஏறி வெள்ளானூருக்குக் குடிவந்திருக்கிறது. மகள் வீடியோ காலில் பேசினால் இப்போது எங்களைப் பற்றி விசாரிப்பதில்லை. கொட்டலசு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறாள்.

ஆய்வுக்கூடத்து டிரம்மில் இருந்த சீட்டைக் கிழித்துவிட்டு, 'உப்புத் தண்ணீர்' என்று புதிதாக எழுதி ஒட்டினேன். ஏன் என்று கேட்டார்கள். அது கடல் இல்லை என்றேன்.

இத்தனைக்குப் பிறகும் குழம்புக்கு உப்புப் பார்க்க அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். காபி கசக்கிறது என்று குறைபட ஆரம்பித்திருந்தாள். ஆனாலும் கடைசி நேரத்தில் ஒரு பயம். போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டில் பேத்திக்குப் பேர் வைக்கிறார்கள் என்று ஒரு கிண்ணம் சாம்பார் வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு வந்த முதல் கிண்ணம். அவளேதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்கு அது அப்போது தெரியாது.

பழக்கதோஷத்தில் சமையலறை வாசலில் போய் நின்று கையை நீட்டினேன். அவள் ஒரு கரண்டி எடுத்தாள், ஊதினாள், தன் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுக்கொண்டாள். நக்கிப் பார்த்தாள். கீழே இருந்து கிண்ணம் கொண்டுவந்த பெண்ணிடம், "வெந்தயம் கூடிப்போச்சு, லேசாக் கசக்குது. ஒரு துண்டு வெல்லம் போடச் சொல்லு" என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் கை நீட்டியது நீட்டியபடி இருந்தது. அவள் திரும்பி அதைப் பார்த்தாள். அலமாரியிலிருந்து மீன் தீனி டப்பாவை எடுத்து அதில் வைத்தாள்.

"சும்மாதான நிக்கிறீங்க. போய் அதுகளுக்குப் போடுங்க."